ஒரு கை கறுப்பு, ஒரு கை வெளுப்பு

என் கணவருக்கு வலது கை நல்ல கறுப்பு. இடது கை மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை வெளுப்பு. பிறவியில் அப்படி இல்லை. கோல்ஃப் விளையாடுகிறவர்கள் ஒரு கைக்கு மட்டும் உறை போட்டுக்கொள்வார்கள். வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு அது இடது கை. வாராவாரம் மணிக்கணக்கில் வெயிலில் நின்றால் ஒரு கை கருகும், இன்னொன்று உறைக்குள் பத்திரமாக இருக்கும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் இதை எங்கள் சொந்தத்தில் ஒருவருக்கும் நான் சொன்னதில்லை. சொல்ல வேண்டுமென்றால், அவர் கோல்ஃப் விளையாடுகிறார் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்த வார்த்தையை வாயில் எடுக்கவே எனக்குக் கூச்சம்.

நாங்கள் ஓசூரில் இருக்கிறோம். அவர் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் மெயின்டெனன்ஸ் பிரிவைக் கவனிக்கிறார். நான் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்காருகிறேன். எனக்குப் பிறந்த ஊர் விருதுநகர் பக்கம். அவருக்கு ராயக்கோட்டை. அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோட்டத்தில் தக்காளி பறித்து, பெட்டி சுமந்து அவரை ஐடிஐ படிக்க வைத்தார்கள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவர் முழங்கால் வரை கால்சட்டையும் காலர் வைத்த பனியனும் தொப்பியுமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் பை நிறைய மட்டைகளோடு கிளம்பினால், தெருவில் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த கோல்ஃப் எல்லாம் சினிமாவில் பணக்கார வில்லன் ஆடுவதுதான். இவர் அந்தச் சட்டையை யாரிடமோ கடன் வாங்கிப் போட்ட மாதிரி எனக்குத் தோன்றும்.

எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால், ஒரு விபத்து மாதிரிதான். வெளிநாட்டிலிருந்து வாடிக்கையாளர்கள் தொழிற்சாலையைப் பார்க்க வந்திருந்தார்கள். அவர்களை அத்திப்பள்ளி தாண்டி கர்நாடகப் பக்கத்தில் இருக்கும் ஒரு மைதானத்துக்கு அழைத்துப்போனார்கள். ஆள் குறைந்ததால் இவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். வேடிக்கை பார்க்கப் போனவர் கையில் யாரோ மட்டையைக் கொடுத்து அடிக்கச் சொன்னார்கள். முதல் இரண்டு தடவை மண்தான் பறந்ததாம். மூன்றாவது தடவை பந்து போனதாம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "சத்தமே இல்ல, புள்ள. கையில பட்டதே தெரியல. நிமிந்து பாத்தா அது பாட்டுக்கு வானத்துல போய்க்கினு இருக்குது" என்றார். ஏதோ சாமியைப் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி இருந்தது அவர் முகம். நான் தோசைக்கல்லில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். சரி, நாளைக்கு மறந்துவிடுவார் என்று நினைத்தேன்.

மறக்கவில்லை. கம்பெனியில் பழைய சாமான் விற்ற ஒருவரிடம் மட்டைகள் வாங்கினார். மைதானத்தில் பழக்கமான, பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், உறுப்பினர் என்ற முறையில் தன் விருந்தாளியாக இவரைச் சேர்த்துக்கொண்டார். கூடத்தில் பச்சைக் கம்பளம் விரித்தார். நான் தண்ணீர் குடிக்கும் டம்ளரைப் படுக்கவைத்து அதற்குள் பந்தைத் தள்ளிப் பழகினார். மொட்டை மாடியில் துணி காயப்போடும் கம்பிகளுக்கு நடுவே நின்று வீசினார். எதிர்வீட்டு அம்மா ஒருநாள் கன்னடம் கலந்த தமிழில், "உங்க எஜமான்ரு தினமும் மாடியில கட்டை சுத்தறாரே, சிலம்பமா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். அப்போதைக்கு அதுதான் கௌரவமாக இருந்தது.

மட்டை இல்லாதபோதும் அவர் கை சும்மா இருக்காது. பேருந்துக்காக நிற்கும்போது குடை மட்டையாகிவிடும். ரேஷன் கடை வரிசையில் வெறும் கையைக் கோத்துக்கொண்டு இடுப்பைத் திருப்புவார். முன்னால் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார். நான் செல்போனை எடுத்து எதையோ படிக்கிற மாதிரி குனிந்துகொள்வேன்.

எல்லாவற்றையும்விட மோசமானது ராயக்கோட்டையில் நடந்தது. அவருடைய பெரியப்பா இறந்துவிட்டார். வீட்டு வாசலில் பந்தல். பக்கத்தில் பாடைக்கு மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பெண்களோடு தரையில் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று பறையடிப்பவர்கள் அடிப்பதை நிறுத்தினார்கள். நிமிர்ந்து பார்த்தேன். மிச்சமாகக் கிடந்த ஒரு மூங்கில் துண்டு இவர் கையில் இருந்தது. கால்களை அகட்டி, முழங்காலை லேசாக மடக்கி, தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தார். அவர் அடித்த எலுமிச்சம்பழம் உருண்டுபோய் ஒரு பறைக்காரரின் காலடியில் நின்றிருந்தது.

அவருடைய அக்கா தலைமயிர் கலைந்தபடி எழுந்து நின்று கத்தினார். "டேய்! என்னாடா பண்ற? பெரியப்பா இன்னும் வாசல்லயே படுத்துக்கினு இருக்காரு. நீ குச்சி வச்சிக்கினு வெளையாடறியா?"

இவர் கையிலிருந்த மூங்கிலைப் பார்த்தார். அது எப்படித் தன் கைக்கு வந்தது என்றே தெரியாதவர் மாதிரி. அப்புறம் மெதுவாகக் கீழே வைத்தார். அழுதுகொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் அவரைப் பார்த்துவிட்டு, அடுத்தபடியாக என்னைப் பார்த்தார்கள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று. காரில் திரும்பினோம். ஓசூர் வந்ததும், "நெனப்பு எங்கியோ போயிடுச்சு" என்றார். நான் இறங்கிப் போய்க் கதவைத் திறந்தேன்.

இதற்குப் பிறகுதான் எங்கள் மகளுக்கு வரன் வந்தது. ஒரே பெண். பெங்களூரில் வேலை, அங்கேயே விடுதியில் தங்கியிருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் கிருஷ்ணகிரி, மாந்தோப்பு இருக்கிறது, பையனும் பெங்களூரில்தான் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகத் தரகர் சொன்னார். "அன்னைக்கு ஒரு நாளாவது அந்தப் பையைத் தொடாதீங்க" என்று இவரிடம் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் தொடவில்லை. காலையில் குளித்து, வேட்டி கட்டி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வாசலில் காத்து நின்றார். பார்க்க நன்றாக இருந்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

கார் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அம்மா முதலில் இறங்கினார். இவர் இரண்டு கைகளையும் கூப்பி, "வாங்க, வாங்க" என்றார்.

கறுப்பும் வெளுப்பும் பக்கத்துப் பக்கத்தில், மார்புக்கு நேராக. அந்த அம்மாவின் பார்வை அங்கேயே நின்றுவிட்டது. பதிலுக்குக் கும்பிட அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் அதைக் கவனித்தேன், ஆனால் எனக்குப் புரியவில்லை. அத்தனை வருடம் கூடவே பார்த்த கை. எனக்கு அது கண்ணிலேயே படுவதில்லை.

கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் ஆனது. என் மகளும் அந்தப் பையனும் மாடிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு இருந்தது. கிளம்பும்போது மட்டும் அந்த அம்மா, "வீட்ல பேசிட்டுச் சொல்லி அனுப்பறோம்" என்றார்.

மறுநாள் மருத்துவமனையில் இருந்தபோது தரகர் அழைத்தார். சுற்றி வளைத்தார். பொண்ணு நல்ல பொண்ணு, குடும்பம் நல்ல குடும்பம் என்றார். பிறகு, "தப்பா நெனைக்காதீங்கம்மா. ஐயாவுக்குக் கையில வெண்புள்ளி மாதிரி இருக்குதாமே. அது பொண்ணுக்கும் வருமான்னு கேக்கறாங்க. எத்தனை வருசமா இருக்குதுன்னு..." என்று இழுத்தார்.

எதிரில் கன்னம் வீங்கிய ஒருவர் தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தார். நான் சத்தமாகப் பேச முடியாமல், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "அது நோய் இல்லைங்க. அது... அது வெயில்" என்றேன். தரகருக்கு அது போதவில்லை. எனக்கே அது பொய் மாதிரிதான் கேட்டது.

சாயங்காலம் இவரிடம் சொன்னபோது முதலில் சிரித்தார். பிறகு இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"நேர்ல போய் சொல்லிட்டு வந்துடலாம்" என்றேன் நான். "அந்த உறையையும் எடுத்துக்குங்க. போட்டுக் காமிங்க. அப்பத்தான் நம்புவாங்க."

"இதுக்குப் போய் நேர்ல போவணுமா?"

"உங்களால வந்ததுதானே?" என்றேன்.

அடுத்த விடுமுறை நாளில் கிருஷ்ணகிரிக்குப் போனோம். மகளிடம் சொல்லவில்லை. வியர்வையில் காய்ந்து விறைத்துப்போன அந்த உறை என் கைப்பைக்குள் இருந்தது. கோயிலுக்குக் கொண்டுபோகும் பை அது.

அவர்கள் மரியாதையாகத்தான் உட்காரவைத்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, ஒரு சித்தி. பையன் இல்லை. நான் உறையை எடுத்து மேசைமேல் வைத்தேன். இவர் அதை மாட்டிக் காட்டினார். மணிக்கட்டில் உறை முடியும் இடமும் வெளுப்பு முடியும் இடமும் சரியாகப் பொருந்தின. மாப்பிள்ளையின் அப்பா தலையாட்டினார். அம்மா மட்டும் எழுந்து, "கொஞ்சம் இப்படி ஜன்னல் பக்கம் வாங்க" என்றார். இவர் போய் நின்றார். அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையைக் குனிந்து பார்த்தார். தொடவில்லை. புறங்கை, உள்ளங்கை, விரலிடுக்கு என்று திருப்பச் சொல்லிப் பார்த்தார். மாடு வாங்குகிறவர்கள் பல்லைப் பார்ப்பது போல இருந்தது. நான் சோபாவில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. எழுந்திருக்கவில்லை.

அப்போதுதான் அந்தச் சித்தி, "இது மொதல்ல கால்லதான் ஆரம்பிக்கும்பாங்க. காலையும் ஒருவாட்டி பாத்துடலாமே" என்றார்.

இவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றினார்.

பாதம் இரண்டும் வெள்ளை வெளேர் என்று இருந்தன. கணுக்காலுக்கு மேல் கோடு போட்ட மாதிரி கறுப்பு தொடங்கியது. மைதானத்தில் சாக்ஸும் ஷூவும் போட்டுத்தானே நடக்கிறார். நான் அதை நினைத்தே பார்க்கவில்லை.

"அய்யோ, காலும்!" என்றார் சித்தி.

"இல்லீங்க, இது சாக்ஸ்" என்று இவர் சொல்லி, பேன்டை முழங்காலுக்கு மேல் சுருட்டினார். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே மறுபடி வெளுப்பு ஆரம்பித்தது. "இது கால்சட்டை. இதுவரைக்கும் வெயில் படும். இதுக்கு மேல படாது." என் கணவர் மூன்று பேருக்கு முன்னால் முழங்காலைக் காட்டிக்கொண்டு, கோடுகளை விரலால் தொட்டுத் தொட்டு விளக்கினார். அதோடு நிறுத்தினாரா? இல்லை. எழுந்து நின்று, சுருட்டிய பேன்டோடு, உறை போட்ட கையோடு, எப்படி நிற்பது, எப்படிப் பிடிப்பது, ஏன் ஒரு கைக்கு மட்டும் உறை என்று சொல்லிக்கொண்டே போனார். கடைசியில் அவர்கள் கூடத்தின் நடுவே, இல்லாத மட்டையை ஓங்கி, இல்லாத பந்தை அடித்தார்.

மாப்பிள்ளையின் அப்பாவுக்குச் சுவாரசியம் வந்துவிட்டது. "குழி எவ்ளோ தூரத்துல இருக்கும்?" என்று கேட்டார்.

"உங்க வீட்டு வாசல்ல நின்னா, அந்த மெயின் ரோடு தாண்டி இருக்கும்ங்க."

"கண்ணுக்குத் தெரியுமா?"

"கொடி நட்டிருப்பாங்க. குழி தெரியாது."

"தெரியாத குழிக்கு எப்படிங்க அடிக்கறது?"

"அதானுங்க வெளையாட்டே" என்று சிரித்தார் இவர்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காது இரண்டும் எரிந்தன. இந்த மனிதருக்கு அவமானம் என்பதே உறைக்காதா என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது சூளகிரியில் டீ குடிக்க நிறுத்தினோம். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. இவர் கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். குடிக்கவில்லை.

"எதுக்கு அவ்வளவு பேசினீங்க?" என்று கேட்டேன். "காமிச்சமா, வந்தமான்னு இருக்க வேண்டியதுதானே?"

"உன் மூஞ்சியப் பாத்தேன்" என்றார். "சாக்ஸைக் கழட்டறப்போ. நான் பேச்ச நிறுத்துனா நீ அங்கியே அழுதுடுவேன்னு தோணிச்சு. அதான் பேசிக்கினே இருந்தேன்."

அவருக்கு உறைக்கவில்லை என்று நான் நினைத்தது எவ்வளவு தப்பு. டீ ஆறி ஏடு கட்டியது. அத்தனை வருடத்தில் கேட்காத ஒன்றை அப்போதுதான் கேட்டேன். "அதுல அப்படி என்னங்க இருக்கு?"

அவர் டம்ளரைப் பெஞ்சின்மேல் வைத்தார். "கம்பெனியில ஏதாச்சும் ஒடஞ்சாத்தான் என்னைக் கூப்பிடுவாங்க. மெஷின் ஓடறப்போ ஒருத்தனும் என்னை நெனைக்க மாட்டான். போன் அடிச்சாலே ஏதோ நின்னுபோச்சுன்னு அர்த்தம். வீட்லயும் அப்படித்தான், குழாய் ஒழுகுது, மிக்ஸி ஓடலன்னு. அங்க போனா எதுவும் ஒடஞ்சிருக்காது. காலையில பனியில புல்லு அப்படியே இருக்கும். நான் போய் எதையும் சரி பண்ண வேணாம்." பிறகு, "வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

இரண்டு நாள் கழித்துத் தரகர் சந்தோஷமாக அழைத்தார். "அவங்களுக்குத் திருப்திம்மா. மேல பேசலாம்னு சொல்லிட்டாங்க."

அன்று மாலை போனில் மகளிடம் நானே சொன்னேன். எப்படியும் அந்தப் பையன் வழியாக அவளுக்குத் தெரியத்தான் போகிறது.

"அப்பா சாக்ஸைக் கழட்டிக் காமிச்சாரா?"

"நம்ம மேல தப்பு இல்லன்னு தெரியணும்ல?"

"தப்பா? அம்மா, நிஜமாவே அப்பாவுக்கு அது இருந்திருந்தா நீ என்ன பண்ணியிருப்ப? பவுடர் போட்டு மறைச்சிருப்பியா?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "அவன் நல்லவன்தான்" என்றாள். "அவன்கிட்டயும் பேசினேன். 'எங்கம்மா கேட்டதுல என்ன தப்பு'ன்னான். எனக்கு வேணாம்." வைத்துவிட்டாள்.

தரகருக்குச் சொல்லும் வேலை என்னுடையது. ஜாதகம் சரியில்லை என்று சொல்லிப் பார்த்தேன். முன்பே பார்த்துப் பொருந்திய ஜாதகம். அவர் நம்பவில்லை என்பது அவர் 'சரிம்மா' என்ற தொனியிலேயே தெரிந்தது.

இதையெல்லாம் இவரிடம் சொன்னபோது கேட்டுக்கொண்டார். அந்த வாரம் விளையாடப் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. மட்டைப் பை பீரோவுக்கு மேலே போய்விட்டது. பட்டாளத்துப் பெரியவர் அழைத்தபோதெல்லாம் முழங்கால் வலி என்றார். ஒரு மத்தியானம் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கையில் துண்டைச் சுற்றி மடியில் வைத்திருந்தார். இடது கையை மட்டும் கைப்பிடிச் சுவர்மேல் வெயிலில் நீட்டியிருந்தார். வடகம் காயப்போட்ட மாதிரி. என்னைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார். நான் எதையும் பார்க்காத மாதிரி துணிகளை அள்ளிக்கொண்டு இறங்கினேன். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் செய்ததை எல்லாம் நினைத்து வெட்கப்பட்டதைவிட, அவர் அப்படிக் கையை இழுத்துக்கொண்டது எனக்குப் பெரிய வெட்கமாக இருந்தது. என்னைக் கண்டு மறைக்கிறார்.

பெரியவர் அடுத்தமுறை அழைத்தபோது இவர் குளித்துக்கொண்டிருந்தார். நான் எடுத்தேன்.

"அவருக்கு முழங்கால்ல ஒண்ணும் இல்லைங்க ஐயா" என்றேன். "இந்த ஞாயித்துக்கிழமை வருவாரு."

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். ஸ்டூலைப் போட்டு ஏறி, பையை இறக்கி, தூசி தட்டினார்.

சில மாதம் கழித்து ஓசூரில் ஒரு கல்யாணம். என்னோடு வேலை செய்யும் பெண்ணுக்கு. பந்தியில் உட்கார்ந்திருந்தேன். எதிர்வரிசையில் அந்தக் கிருஷ்ணகிரி அம்மா. தலையைத் திருப்புவதற்குள் பார்த்துவிட்டார். இலைக்கு மேல் எட்டி, ஊருக்கே கேட்கிற மாதிரி, "உங்க வீட்டுக்காரருக்கு இப்ப தேவலையா? வரலையா?" என்றார்.

பக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

"அவருக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றேன். "கோல்ஃப் விளையாடப் போயிருக்காரு. முடிச்சிட்டு வருவாரு."

நாலு பேர் நடுவில் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. பக்கத்து இலைக்காரப் பெண், "அது பெரிய பெரிய ஆளுங்க ஆடறதாச்சே" என்றார். குரலில் ஆச்சரியமா கேலியா என்று தெரியவில்லை. "ஆமாங்க" என்றேன். முகம் சுட்டது. வெட்கம் அப்படி ஒன்றும் போய்விடவில்லை. இலையைப் பார்த்தபடி சாதத்தைப் பிசைந்தேன்.

ரசம் வரும் நேரத்தில் அவர் வந்தார். பனியனில் வியர்வை காய்ந்து உப்புப் பூத்திருந்தது, தலையில் தொப்பியின் அழுத்தம் வட்டமாகத் தெரிந்தது. வாசலில் நின்று தேடினார். கையை உயர்த்திக் கூப்பிட்டு, மறுபக்கம் ஆள் இல்லாத இலையில் உட்காரவைத்தேன்.

"எப்படிப் போச்சு?" என்றேன்.

அவருக்கு அது போதும். அவர் இலைக்குச் சாம்பார் வாளி வருவதற்குள் ஆரம்பித்துவிட்டார். பந்து எங்கே போனது, காற்று எந்தப் பக்கம் அடித்தது, மரத்தில் பட்டு எப்படித் திரும்பியது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். எதிர்வரிசை முழுக்க எங்களையே பார்த்தது. "மெதுவா பேசுங்க" என்று முழங்கையால் அவரை இடித்தேன். அவர் குரலைத் தாழ்த்தி, மீதியைச் சொல்லி முடித்தார்.